தொப்புள்கொடி யாருடையது?

2009 மே மாதத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் கவிதை எழுதிய பலரையும் போல நானும் ஈழத்தைப் பற்றி எழுதினேன். அதில் ஒரு கவிதையில் ‘தொப்புள்கொடி’ என்ற சொல் வருகிறது. கூட்டங்களில் வாசிக்கும்போது அந்த இடத்தில் கைதட்டல் எழும். பதினைந்து ஆண்டுகள் கழித்து, என் முதுகலை வகுப்பு மாணவி ஒருத்தி நூலகத்திலிருந்து அந்தத் தொகுப்பை எடுத்துப் படித்துவிட்டு என் அறைக்கு வந்தாள். “அம்மா, ஒன்னு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? இதுல தொப்புள்கொடின்னு எழுதியிருக்கீங்க. அது யாரோட தொப்புள்?” என்றாள். தாய்த் தமிழகம் என்று சொல்கிறோம் இல்லையா, அந்தத் தாய் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். “அப்ப எங்க அம்மா?” என்று கேட்டாள். அவள் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றிலிருந்து கல்லூரிக்கு வருகிறவள்.

அன்று நான் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையில் சொல்லிப் பார்க்கிறேன்.

‘தொப்புள்கொடி உறவு’ நம் அரசியல் மேடைகளில் நாற்பது ஆண்டுகளாகப் புழங்கும் சொல். கட்சி வேறுபாடில்லாமல் எல்லோரும் சொல்கிறார்கள். தமிழகம் தாய், கடலுக்கு அப்பால் இருப்பவர் பிள்ளை, உறவு இரத்தத்தால் ஆனது என்பது அதன் பொருள். ஒரு பெண்ணின் உடலிலிருந்து எடுத்த உருவகம் இது. அதை ஒரு நிலப்பரப்புக்குக் கொடுத்துவிட்டோம். அந்தப் பெண்ணின் உடலைச் சட்டம் என்ன செய்தது என்று மட்டும் கேட்கவில்லை. கேட்காதவர்களில் நானும் ஒருத்தி.

ஆவணம் இல்லாமல் வந்தவர்களுக்குச் சட்டத் தகுதி கொடுக்கலாமா கூடாதா என்ற விவாதம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடக்கும் ஒன்று என்று நம் மாணவிகள் நினைக்கிறார்கள். அது நம் ஊர்ப் பேருந்துகள் நின்று போகும் முகாம் வாசல்களிலும் இருக்கிறது. 1983 தொடங்கி இலங்கையிலிருந்து வந்தவர்களும் இங்கே அவர்களுக்குப் பிறந்தவர்களுமாக, நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேரும், முகாமுக்கு வெளியே பதிவு பெற்று ஏறத்தாழ 34 ஆயிரம் பேரும் இருப்பதாக ஒன்றிய உள்துறை அமைச்சகம் கணக்குச் சொல்லிவந்திருக்கிறது. இந்தியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. ஆகவே நாம் அகதி என்று அழைப்பவரைக் குடியுரிமைச் சட்டம் அப்படி அழைப்பதில்லை. செல்லத்தக்க கடவுச்சீட்டு இல்லாமல் நுழைந்த அயல்நாட்டவர் எல்லோரும் அதன் கணக்கில் சட்டவிரோதக் குடியேறிகள். குண்டுக்குப் பயந்து இரவில் படகேறியவருக்கும் இதே பெயர்தான்.

மாணவியின் வீட்டுக் கதையை, ஊர்ப் பெயர்களைத் தவிர்த்து, அவள் சம்மதத்தோடு சொல்கிறேன். அவளுடைய பூட்டி, அதாவது அம்மாச்சியின் தாய், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரி. கங்காணியோடு மண்டபம் போய், அங்கிருந்து கப்பலேறித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவள். இன்று அகதிகள் வந்திறங்கியதும் கொண்டுபோய் வைக்கும் மண்டபம் முகாம், அன்று இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நோய்த்தொற்று பார்த்து அனுப்புவதற்காக இலங்கை அரசு நடத்திய இடம். அந்தக் காலத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையைக் கொடுத்து ஆளை அனுப்பும் முறை இருந்தது. எந்தத் தோட்டத்துக்குச் சேர்ந்த உழைப்பு என்று அந்த வில்லை சொன்னது. எந்த நாட்டுக்குச் சேர்ந்த ஆள் என்று சொல்லும் தாளை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை.

அம்மாச்சி தோட்டத்து லயத்தில் பிறந்தாள். அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே இலங்கை சுதந்திரம் பெற்று 1948-இல் குடியுரிமைச் சட்டத்தை இயற்றியது. அந்தச் சட்டத்தைப் பெண்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். அந்த ஆண்டு நவம்பர் 15-க்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர், தன் தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்றோ, தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ நிறுவினால்தான் வம்சாவளிக் குடிமகன். தாய் எங்கே பிறந்தாள், தாயின் தாய் எங்கே உழைத்தாள் என்பதற்குக் கணக்கில் இடமில்லை. ஏறத்தாழ ஏழு லட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனதை இனவாதம் என்று சரியாகவே படித்திருக்கிறோம். அந்த இனவாதத்துக்குக் கருவியாக இருந்தது தந்தைவழி. தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். ஒரு நாட்டின் ஏற்றுமதி வருமானத்தைக் கூடையில் சுமந்தவர்கள், தம் பிள்ளைக்கு அந்த நாட்டைக் கொடுக்க முடியாதவர்களாக இருந்தார்கள். தாய்வழியாகவும் குடியுரிமை இறங்கலாம் என்று இலங்கைச் சட்டம் ஒப்புக்கொண்டது 2003-இல்தான்.

இலங்கையைக் குற்றம் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. 1955-ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைச் சட்டமும், வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு வம்சாவளிக் குடியுரிமை தர, தகப்பன் இந்தியக் குடிமகனா என்றுதான் கேட்டது. தாய் இந்தியக் குடிமகளாக இருந்தாலும் போதும் என்று அது திருந்தியது 1992 டிசம்பரில். இரண்டு நாடுகளுக்கும் இடையில் நின்ற பெண்ணிடம், இரண்டு நாடுகளும் அவள் ஆணைத்தான் விசாரித்தன.

1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சமுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவானது. அந்தப் ‘பிறகு’ 1974-இல் வந்தது. ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரித்தவர்கள் இந்திரா காந்தியும் சிறிமாவோவும். உலகின் முதல் பெண் பிரதமரும் இந்தியாவின் முதல் பெண் பிரதமரும் எதிரெதிரே உட்கார்ந்து எடுத்த முடிவு அது. அதிகாரத்தில் பெண் இருந்தால் பெண்களுக்கு விடிந்துவிடும் என்று வகுப்பில் யாராவது சொன்னால் இந்த ஆண்டை நினைவுபடுத்துவேன். மாணவியின் அம்மாச்சியிடம், உங்கள் குடும்பம் இந்தியாவுக்கு விண்ணப்பித்ததா, இலங்கைக்கா என்று கேட்டேன். “எங்கப்பாரு என்னமோ எழுதிப் போட்டாரு. காயிதமெல்லாம் அவரு பொட்டியில இருந்துச்சு. எழுவத்தேழு கலவரத்துல பொட்டியும் போச்சு, லயமும் போச்சு” என்றார். கலவரத்துக்குப் பிறகு அவர்கள் வவுனியா பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். அங்கே மாணவியின் அம்மா பிறந்தார். 1990-இல் போர் அங்கேயும் வந்தது. படகில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம். பூட்டி புறப்பட்ட அதே இடத்துக்கு, பேத்தி சட்டவிரோதக் குடியேறியாக வந்து சேர்ந்தார். அவர் பெற்ற மகள்தான் 2003-இல் இங்கே ஒரு முகாமில் பிறந்த என் மாணவி.

இனி இந்தியச் சட்டம் பிறப்பை எப்படிப் படிக்கிறது என்று பார்ப்போம். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், குடிமக்கள். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருக்க வேண்டும். 2003-ஆம் ஆண்டின் திருத்தம் 2004 டிசம்பர் 3 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல் பிறப்பவருக்கு இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாக இருந்து, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாதிருக்க வேண்டும்.

தேதிகளாகப் படித்தால் இது தூக்கம் வரவழைக்கும். ஒரு வீடாகப் படித்துப் பாருங்கள். முகாமில் ஒரு தாய்க்கு இரண்டு பெண்கள். மூத்தவள் 1986-இல் பிறந்தாள், சட்டப்படி இந்தியக் குடிமகள். இளையவள் 1989-இல் பிறந்தாள், குடிமகள் அல்ல. ஒரே வயிறு, ஒரே பாய், ஒரே ரேஷன் அரிசி. இப்போது இன்னொரு வீடு. சிறுமியாகப் படகில் வந்த ஒரு பெண், உள்ளூர்த் தமிழர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். கணவர் இந்தியக் குடிமகன். 2003-இல் பிறந்த மகன் இந்தியக் குடிமகன். 2006-இல் பிறந்த மகள் குடிமகள் அல்ல. அண்ணனும் தங்கையும் ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். இடையில் மாறியது அப்பாவும் அல்ல, ஊரும் அல்ல. அம்மாவின் பெயருக்கு முன்னால் சட்டம் வைத்திருந்த அடைமொழி, மகளுக்கு இறங்கிவிட்டது. இந்தியரை மணந்து ஏழாண்டு இங்கே வாழ்ந்தவர் பதிவின் மூலம் குடியுரிமை பெறலாம் என்று சட்டத்தில் ஒரு வழி உண்டு. அந்த வழியும் சட்டவிரோதக் குடியேறிக்குக் கிடையாது. அம்மாவுக்கும் கதவு சாத்தப்பட்டிருக்கிறது.

என் மாணவிக்கான பதில் இங்கே இருக்கிறது. ஒரு காலத்தில் சட்டம், தாயால் குடியுரிமையைக் கொடுக்க முடியாது என்றது. இப்போது அதே சட்டம், தாயால் சட்டவிரோதத்தைக் கொடுக்க முடியும் என்கிறது. நாடு கொடுப்பதாக இருந்தபோது தொப்புள்கொடியைக் கண்டுகொள்ளவில்லை. நாட்டை மறுப்பதற்கு அதைப் பயன்படுத்துகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. சட்டத்தின் எழுத்தில் ஆண் பெண் வேறுபாடு இல்லையே, தகப்பன் சட்டவிரோதக் குடியேறியாக இருந்தாலும் பிள்ளைக்கு இதே கதிதானே என்று கேட்கலாம். எழுத்தில் அப்படித்தான். ஆனால் கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போகிறவர் இங்கே பெரும்பாலும் பெண். முகாமை விட்டுக் கணவர் வீட்டுக்குப் போகிறவள் அவள். பிரசவ அறையில் பெயரும் முகவரியும் கேட்கப்படுகிறவள் அவள். பள்ளிச் சேர்க்கைக்கும் சாதிச் சான்றிதழுக்கும் வட்டாட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நிற்பவளும் அவளே. ‘உங்கம்மா அகதிதானே’ என்று புகுந்த வீட்டில் பிள்ளையிடம் சொல்வார்கள். முகாமுக்குள்ளேயும் அரசின் கணக்குக் குடும்பத் தலைவரிடமிருந்துதான் தொடங்குகிறது. 2021-இல் உயர்த்தப்பட்ட மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. பொதுவாக எழுதப்பட்ட சட்டம் ஏற்கெனவே சரிந்திருக்கும் தரையில் விழும்போது எந்தப் பக்கம் உருளும் என்று நமக்குத் தெரியும்.

அந்தச் சட்டப் பிரிவை ஒரு தமிழ் ஆசிரியையாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதன் வினைச்சொல் ‘நுழைந்த’. சட்டவிரோதக் குடியேறி என்பவர் இந்தியாவுக்குள் நுழைந்த ஒருவர். என் மாணவி எங்கே நுழைந்தாள்? அவள் கடலைத் தாண்டியதில்லை. இலங்கையைப் பார்த்ததில்லை. அரசு மருத்துவமனையில் பிறந்து அரசுப் பள்ளியில் படித்தவள். அவள் நுழைந்த ஒரே வாசல் அவள் அம்மாவின் உடல். குடிமகள் அல்லாத எல்லோரும் அயல்நாட்டவர் என்பதால் அவள் அயல்நாட்டவள். நுழையாத அயல்நாட்டவளை எப்படி வகைப்படுத்துவது என்பதை அந்த வாக்கியம் யோசிக்கவில்லை. நடைமுறையில் அவளும் அம்மாவின் கணக்கில்தான் சேர்க்கப்படுகிறாள்.

சட்டத்தின் சொல்லை மட்டும் பழித்துப் பயனில்லை. நம் மொழி அதற்கு முன்பே ஒரு சொல்லைத் தயாரித்து வைத்திருந்தது. ‘கள்ளத்தோணி’ தமிழ்ச் சொல். இலங்கையில் மலையகத் தமிழரைப் பழிக்கச் சிங்களத்துக்குள்ளும் போனது. வந்த தோணியின் பெயரே ஆளுக்குப் பெயராகிவிட்டது. அங்கே பிறந்து அங்கே செத்தவர்களையும் அது விடவில்லை. ‘தோட்டக்காட்டான்’ என்று யாழ்ப்பாணத்தில் சொன்னவர்களும் தமிழர்களே. ‘கள்ள’ என்ற முன்னொட்டு வேறு எங்கெல்லாம் வருகிறது என்று வகுப்பில் பட்டியலிடச் சொன்னேன். கள்ளநோட்டு, கள்ளச்சாராயம், கள்ளச்சாவி என்று தொடங்கியவர்கள், கள்ளக்காதல், கள்ளப்புருஷன், கள்ளப்பிள்ளை என்று வந்ததும் நிறுத்திவிட்டார்கள். அரசின் முத்திரை இல்லாத பொருள்களுக்கும், ஆணின் முத்திரை இல்லாத உறவுக்கும் பிள்ளைக்கும் ஒரே முன்னொட்டு. தகப்பன் பெயர் தெரியாத பிள்ளையைச் சமூகம் என்ன கேள்வி கேட்டதோ, அதையே நாடு தெரியாத பிள்ளையை அரசு கேட்கிறது: நீ யாருக்குப் பிறந்தாய்? ‘முறைதவறிப் பிறந்த பிள்ளை’ என்ற சொல்லைப் பெண்ணியம் பல ஆண்டுகள் போராடிப் பேச்சிலிருந்து விரட்டியது. தவறு என்று ஒன்று இருந்தாலும் அது பிறந்தவருடையது அல்ல என்று நாம் சொன்னோம். அதே வாதத்தை எல்லைக்கோட்டுக்குக் கொண்டுபோக ஏன் தயங்குகிறோம்? செயல் சட்டத்தை மீறலாம். ஆள் எப்படிச் சட்டவிரோதமாவார்? பிறப்பு எப்படி ஆகும்?

2025 மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்ற நீதிபதி, உலகெங்குமிருந்து வரும் அகதிகளை ஏற்க இந்தியா ஒரு தர்மசத்திரம் அல்ல என்ற பொருளில் வாய்மொழியாகச் சொன்னார். தமிழ்நாட்டில் பலர் கொதித்தார்கள். தொப்புள்கொடி உறவைச் சத்திரத்து வழிப்போக்கன் என்பதா என்று கேட்டார்கள். எனக்குத் தஞ்சாவூர்ச் சத்திரங்கள் நினைவுக்கு வந்தன. மராட்டிய மன்னர் காலத்தில் கட்டப்பட்ட சத்திரங்கள் சிலவற்றுக்குப் பெண்களின் பெயர். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம், நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். வழியில் நோயுற்றவருக்கு வைத்தியமும் பிரசவிக்கும் பெண்ணுக்குப் பராமரிப்பும் சத்திரத்தில் உண்டு என்று இரண்டாம் சரபோஜி ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதினார். பிரசவ வலியோடு வந்தவளிடம் எந்த ஊர்த் தாள் என்று கேட்காத ஓர் இடத்தை ‘அது அல்ல நாம்’ என்று சொல்லிப் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று முதலில் தோன்றியது. பிறகு, சத்திரத்தில் யார் எந்தப் பந்தியில் உட்காரலாம் என்பதைச் சாதி முடிவு செய்ததையும் நினைத்துக்கொண்டேன். அங்கும் கிடைத்தது தர்மம்தான், உரிமை அல்ல. தர்மத்தைக் கொடுப்பவர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இந்தியா சத்திரமல்ல என்பவரும், இவர்கள் எங்கள் தொப்புள்கொடி உறவு என்பவரும் ஒரு வீட்டுக்குள் நின்றுதான் பேசுகிறார்கள். ஒருவர் வழிப்போக்கரை வெளியே போகச் சொல்கிறார். மற்றவர் சொந்தக்காரரை உள்ளே இருக்கச் சொல்கிறார். வீடு யாருடையது என்ற கேள்வியை இருவரும் எழுப்புவதில்லை. பெண்களுக்கு இந்த வீடு நன்றாகத் தெரியும். வாழ வந்த வீட்டில் நாற்பது ஆண்டு உழைத்தவள், உறவு நன்றாக இருக்கும்வரை மகாலட்சுமி. உறவு கெட்டால் ‘எங்கிருந்தோ வந்தவள்’. வீட்டில் இருப்பது வேறு, வீட்டில் தனக்கு உரிமை இருப்பது வேறு என்று சொத்துரிமைக்காகப் போராடிய பெண்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். உறவைக் காரணம் காட்டி உரிமையைக் கேட்டால், உறவில்லாதவருக்கு உரிமையில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். ஈழத்தமிழரைத் தொப்புள்கொடி என்கிற அதே வாய் சில மேடைகளில் இன்னொருவரை ‘வந்தேறி’ என்று சொல்வதையும், கட்டட வேலைக்கு வந்த பீகார்க்காரரை ‘வடக்கன்’ என்று இளக்காரம் செய்வதையும் கேட்கிறோம். இரத்தத்தை வைத்துப் பேசும் மொழி இப்படித்தான் முடியும்.

2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் செய்ததும் இதைத்தான். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறித்தவர்களைச் சட்டவிரோதக் குடியேறி என்ற வகையிலிருந்து அது விடுவித்தது. முஸ்லிம்கள் பட்டியலில் இல்லை. இலங்கையும் இல்லை. அப்போது தமிழகத்தில் எழுந்த குரல்களில் ஒன்று, இலங்கையையும் பட்டியலில் சேருங்கள் என்பது. முகாம் பெண்கள் பலர் அதனால் பயன் பெற்றிருப்பார்கள் என்பது உண்மை. அவர்களில் யாராவது அதைக் கேட்டால் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் வெளியே வசதியாக இருக்கும் நாம் அதைக் கோரிக்கையாக வைத்தால், மதத்தைப் பார்த்துத் தாள் கொடுக்கும் பட்டியலுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் ஆவோம். ஒரு பெயரைச் சேர்க்கும் கோரிக்கை பட்டியலைக் காப்பாற்றுகிறது. ரோஹிங்கியாப் பெண்ணின் பிரசவமும் பிரசவம்தான்.

சட்டத் தகுதி கொடுக்கக் கூடாது என்பவர்களின் வாதங்களில் இரண்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். முதலாவது, சட்டத்தை மீறி வந்தவருக்குப் பரிசு கொடுத்தால் சட்டத்துக்கு என்ன மதிப்பு என்பது. வந்தவர்கள் ஒளிந்து வாழவில்லை. வந்திறங்கியதும் அரசிடம் பெயர் கொடுத்தவர்கள். பெயர் சரிபார்க்கும் நாளில் வேலைக்குப் போகாமல் வரிசையில் நின்றவர்கள். நாற்பது ஆண்டுகளாக அவர்கள் எந்த வீட்டில், எத்தனை பேர், யார் கர்ப்பிணி என்று அரசுக்குத் தெரியும். ஆவணமற்றவர் என்று சொல்லும்போது அவர்களைப் பற்றிய ஆவணங்களே அதிகம் இருக்கின்றன. இல்லாதது அவர்கள் கையில் இருக்க வேண்டிய ஒன்றுதான்.

இரண்டாவது வாதம் நம் பக்கத்திலிருந்தே வருகிறது. இவர்களுக்கு இந்தியக் குடியுரிமை கொடுத்துவிட்டால் ஈழ மண்ணில் தமிழர் எண்ணிக்கை குறைந்துவிடும், தாயகக் கோரிக்கை பலவீனப்படும் என்கிறார்கள். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. திரும்ப விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். போர் முடிந்த பிறகு சில ஆயிரம் பேர் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு திரும்பியும் இருக்கிறார்கள். அவர்கள் நிலமும் வீடும் திரும்பக் கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் ஒரு இனத்தின் எண்ணிக்கையைக் காப்பாற்றுவதற்காக ஒரு பெண் தாளில்லாமல் இருக்க வேண்டும் என்பது, குலத்தின் மானத்தைக் காக்க வீட்டுக்குள் இரு என்பதன் இன்னொரு வடிவம். தேசத்தைத் தாங்கும் பாத்திரமாக அவள் உடலை வைத்துவிட்டு, அவள் வாழ்க்கையைத் தள்ளிப்போடுகிறோம். மலையக வம்சாவளியினருக்கோ திரும்பிப் போக அங்கே நிலமும் இல்லை. என் மாணவியின் அம்மாச்சியை எங்கே திருப்பி அனுப்புவது? எரிந்த லயத்துக்கா, காடு வெட்டிய வவுனியாவுக்கா, புதுக்கோட்டைக்கா?

நடந்திருக்கும் நல்லவற்றையும் சொல்ல வேண்டும். 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, முகாம்களில் இருந்த இந்திய வம்சாவளியினர் 65 பேரின் வழக்கில், அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், பதினாறு வாரத்துக்குள் அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது. மூன்றாண்டுக்குப் பின், 1987 ஜூலைக்கு முன் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் பிறப்பால் இந்தியக் குடிமகள், அவருக்குக் கடவுச்சீட்டு கொடுங்கள் என்று உத்தரவிட்டது. 2021-இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, 7,469 வீடுகள் கட்டும் திட்டத்தை அறிவித்தது. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது. இவை சிறியவை அல்ல. ஒழுகாத கூரை பெரிய விஷயம். கைது பயமில்லாத தூக்கம் அதைவிடப் பெரிய விஷயம். ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பது குடிமகள் என்பதற்குச் சமமாகாது. பெயர் மாறிய முகாமிலும் அந்தப் பெயர் சரிபார்க்கும் வரிசை இருக்கிறது.

பெண்ணியவாதிகளாகிய நாம் என்ன கேட்க வேண்டும்? இந்திய மண்ணில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரின் சட்டவிரோதம் இறங்கக் கூடாது. 1987-க்கு முன்பிருந்த எளிய விதி, இங்கே பிறந்தவர் இந்த நாட்டுக்காரர் என்ற விதி, திரும்ப வேண்டும். பல ஆண்டுகளாக இங்கே பதிவோடு வாழ்பவருக்கு, இருப்பதா திரும்புவதா என்று அவரவரே முடிவு செய்யும் உரிமை வேண்டும். அந்த முடிவைக் குடும்பத் தலைவர் ஒருவர் எழுதிப்போட்டதாக இல்லாமல், ஒவ்வொரு பெண்ணிடமும் தனியாகக் கேட்க வேண்டும். அம்மாச்சியின் அப்பா என்னமோ எழுதிப்போட்ட கதை இன்னொரு முறை நடக்கக் கூடாது.

இன்னொன்று நம் எழுத்தைப் பற்றியது. முகாம் பெண்ணை நாம் தாயாக, கண்ணீராக, கடலாக எழுதியிருக்கிறோம். விண்ணப்பத்தோடு நிற்பவளாக எழுதவில்லை. அவளே எழுதியதை எத்தனை தொகுப்புகளில் சேர்த்தோம் என்று எண்ணிப் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மாணவி தேர்வில் வகுப்பில் முதலாவதாக வந்தாள். மேலே என்ன செய்யப் போகிறாய், ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கிறாயா என்று கேட்டேன். “படிக்கலாம்மா. ஆனா விண்ணப்பத்துல முதல்லயே நாட்டினம் கேக்குறாங்களே” என்றாள். அவளோடு படித்த முகாம் பையன்கள் பட்டம் வாங்கிவிட்டுப் பெயிண்டிங் வேலைக்குப் போகிறார்கள். அவள் இப்போதைக்கு முகாமில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் தமிழ் சொல்லித்தருகிறாள். சென்ற மாதம் ஒரு தனியார் பள்ளியின் விண்ணப்பத்தோடு என்னிடம் வந்து, அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாள். நான் தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள். இரண்டு பேரும் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவள் மற்ற கட்டங்களையெல்லாம் நிரப்பினாள். தாய் பெயர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரைத் தெளிவாக எழுதினாள்.